பின் படிக்கட்டு

திங்கட்கிழமை காலை விடுதி ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: கட்டடத்தின் ஓனர் சென்னப்பன், நாலாம் வருஷம் ஆர்க்கிடெக்சர் படிக்கும் அவர் மகள் சரிதா, வார்டன் ராசாத்தி, நைட் ஷிப்ட் முடிந்து வந்து யூனிபார்ம்கூட மாற்றாமல் நின்ற சத்யப்ரியா.

சத்யப்ரியாவுக்குச் சனிக்கிழமை காலை கிருஷ்ணகிரியில் பரீட்சை. தபால் வழி பி.காம்., கடைசிப் பேப்பர். இந்த முறை எழுதாவிட்டால் பதிவு காலாவதி. எழுதியதெல்லாம் வீண். வெளியே போய்விட்டு மதியம் திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அம்மா நேர்ல வந்து கூட்டிட்டுப் போனா விடறேன்" என்றாள் ராசாத்தி.

"எங்கம்மா விருதுநகர்ல இருந்து வர மாட்டா மேடம். நான் பாஸ் பண்ணுனா வேலைய விட்டுட்டுப் போயிருவேன்னு அவளுக்குத் தெரியும்."

"வெவரமான பொம்பள" என்று சென்னப்பன் சிரித்தார். பிறகு சாவிக்கொத்தை மகளிடம் நீட்டினார். "எல்லா ரூமும் இதுல இருக்குது பாப்பா. அளந்துக்கோ. வெள்ளிக்கிழம சாயங்காலம் ராசாத்தி கையில குடுத்துரு."

சூளகிரிக்கு வெளியே, தக்காளி போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் அவர் கட்டிய மூன்று மாடி அது. பேக்டரிக்கு ஆள் சேர்க்கும் கான்ட்ராக்டர் ஒருவர் மொத்தமாக எடுத்துப் பெண்களை வைத்திருந்தார். சரிதா ஏதாவது ஒரு கட்டடத்தை அளந்து வரைந்து சனிக்கிழமை கல்லூரியில் வைக்க வேண்டும். அப்பா கட்டடம் என்றால் யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டாம். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இரண்டாம் மாடியில், சத்யப்ரியாவின் அறையிலேயே தங்கிக்கொண்டாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்ததை வரை, இருக்க வேண்டியதை வரையாதே.

அவள் முதலில் பார்த்தது கேட்டை. நைட் ஷிப்ட் பெண்களை பஸ் காலையில் இறக்கிவிட்டதும் ராசாத்தி கேட்டைப் பூட்டுவாள். சாயங்கால பஸ் வந்தால்தான் திறப்பாள். "தொறந்து வெச்சா தூங்காம சுத்துவாளுங்க. அங்க போயி மெஷின்ல கைய விடுவாளுங்க" என்பாள். ஜன்னல் கம்பிகளில் துணி காயும். வெயில் ஏறியதும் மொட்டை மாடியில் போட்ட தகரக் கூரை படபடவென்று வெடிக்கும். யாரும் தூங்குவதில்லை.

செவ்வாய் முழுக்க அறைகளை அளந்தாள். டேப்பின் மறுமுனையைச் சத்யப்ரியா பிடித்தாள்.

"உங்க வீட்டுல பாத்ரூமே இந்த சைஸ் இருக்கும்ல?"

சரிதா அளவை எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை பின் படிக்கட்டுக்கு வந்தார்கள். தீ விபத்து நேர்ந்தால் இறங்குவதற்கென்று கட்டியது. கீழ்ப்படிகள் நிறைய உடைந்த இரும்புக் கட்டில்கள். அவற்றை எடுக்காமல் அளக்க முடியாது. தூக்கம் வராத பெண்களெல்லாம் சேர்ந்து கட்டில்களை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். கடைசிக் கட்டில் போனதும் கதவு தெரிந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள், அதில் பூட்டு. சாவி கொத்தில் இருந்தது. திறந்தால் பக்கத்துக்காரரின் ரோஜாத் தோட்டம், அதைத் தாண்டி ஹைவே. சத்யப்ரியா வாசலிலேயே நின்று கிருஷ்ணகிரி பஸ் ஒன்று போவதைப் பார்த்தாள்.

"சனிக்கிழம காலைல மட்டும் இத பூட்டாம விட்டுருங்க. இங்கிட்டு எறங்கிப் போயி எழுதிட்டு வந்துருவேன்."

"வந்துருவியா?"

"வராம எங்க போவேன்? என் பொட்டி இங்கதான கெடக்கு."

சரி என்றாள் சரிதா. பூட்டை அமுக்காமல், பூட்டியதுபோல் தொங்கவிட்டாள்.

வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்து வரைந்தாள். பின் படிக்கட்டைக் கண்ணால் பார்த்தது போலவே வரைந்தாள்: படிகள் காலி, கதவு வெளிப்புறம் திறப்பதைக் காட்டும் கால்வட்டக் கோடு. தாளிலேயே நன்றாக வந்திருந்த இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னப்பன் வந்தார். மகள் வரைந்ததைப் பார்க்க வேண்டுமென்று சட்டைகூட மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தாளை விரித்து, எதிரில் நின்ற ராசாத்திக்கு விரலால் காட்டிக்கொண்டே போனார். விரல் பின்பக்கம் வந்து நின்றது.

"இங்க கட்டிலுங்க அடுக்கி இருந்திச்சே?"

"அளக்கறதுக்கு எடுத்தோம்பா."

அவர் இறங்கிப் போனார். சரிதாவும் ராசாத்தியும் பின்னாலேயே போனார்கள். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரலால் அமுக்கினார்.

"யாருக்கோசரம் தொறந்து வெச்ச?"

ராசாத்தி முந்திக்கொண்டாள். "பரீட்சைக்காரிக்குத்தான். வேற யாருக்கு?"

"அவ எழுதட்டும்பா. நானே கூடப் போயிட்டு வரேன்."

"நாளைக்கு உனக்குக் காலேஜ் இல்லியா? ஒருத்தி போயி திரும்பலன்னா கான்ட்ராக்டர் மொத்தப் பேரையும் வேற ஹாஸ்டலுக்கு மாத்திருவான். உன் காலேஜ் எதுல ஓடுதுன்னு நெனச்சிக்கினு இருக்கற?"

கட்டில்கள் இறங்கின. ஏற்றியவர்களே இறக்கினார்கள். சத்யப்ரியா ஒரு முனையைப் பிடித்திருந்தாள். சரிதாவைக் கடக்கும்போது சொன்னாள்: "கண்ணால பாத்தத அப்படியே வரஞ்சீங்களாக்கும்."

சரிதா மேலே போய் ரப்பரை எடுத்தாள். இப்போது கண்ணால் பார்ப்பது கட்டில்கள். அவற்றை வரைய வேண்டும், கதவைப் பூட்டியதாகக் காட்ட வேண்டும். சென்னப்பன் வாசலில் நின்று பார்த்தார்.

"அழிக்காத பாப்பா. அப்படியே இருக்கட்டும். கம்பெனில இருந்து செக்கிங் வருவாங்க, ஒரு காப்பி எனக்கு வேணும்."

அழிக்கவில்லை. அன்றிரவு அப்பாவோடு பேரிகையில் இருக்கும் வீட்டுக்கே போய்விட்டாள். பாய் அறையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை சானமாவு காட்டில் யானை நிற்கிறது என்று அப்பாவே காரில் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் தாளை நெடுநேரம் பார்த்தார். "இங்க இருக்கற ஹாஸ்டல்கள்ல பின்வழிய இப்படி யாரும் விட்டு வைக்கறதில்ல. ஓனர் யாரு?"

"எங்கப்பா சார்."

"நல்ல மனுஷன்."

இல்லை, பூட்டியிருக்கிறது என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. எக்ஸாமினர் பேனாவைத் திறந்து மார்க் போட்டு மூடும்வரை இருந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பும் வழியில் விடுதியில் நிறுத்தச் சொன்னாள். சென்னப்பன் இன்ஜினை அணைக்கவில்லை. ராசாத்தி கேட் அருகில் சாவியோடு நின்றாள். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் கிடையாது.

"பாயிதான? நான் எடுத்தாந்து தரேன். நீங்க உள்ள போனா காலைலதான் தொறப்பேன். ஓனர் பொண்ணுன்னு பாக்க மாட்டேன்."

"அப்பாவப் போகச் சொல்லுங்க" என்றாள் சரிதா.

கேட்டுக்கு நேர் எதிரே, நடையின் கடைசியில், பின் படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்தில் சத்யப்ரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் கால்கள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பாஸா?"

சரிதா உள்ளே காலை வைத்தாள். பின்னால் கேட் இழுபட்டது. ராசாத்தி பூட்டை அமுக்கினாள்.