புதன்கிழமைத் தோட்டம்

காரை விட்டு இறங்கியதும் வெஸ்லி யாருடைய கையையும் பிடிக்கவில்லை. நான்கு வயதுப் பையன், புது இடமென்றால் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிகிறவன். இன்று மஞ்சள் ரப்பர் பூட்ஸ் சரளைக்கல்லில் சளக் சளக்கென்று அடிக்க, நுழைவாயிலைத் தாண்டி, வைக்கோல் கட்டுகளைத் தாண்டி, வரிசையாக இருந்த பட்டிகளில் மூன்றாவதன் முன்னால் போய் நின்றான்.

"பட்டன், நான் வந்துட்டேன்" என்றான்.

உள்ளே இருந்த ஐந்தாறு ஆடுகளில் ஒன்று, காது மட்டும் வெளுத்த பழுப்பு ஆடு, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவனிடம் வந்தது.

பதினோரு மாத ஐவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த அவன் அம்மா மார்னி அப்படியே நின்றுவிட்டாள். பட்டியின் மேல் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் வெஸ்லிக்குப் படிக்கத் தெரியாது. இந்தத் தோட்டத்துக்கு அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் பறங்கிக்காய் வாங்க நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய தோட்டத்துக்குத்தான் போவார்கள். அங்கே பறங்கிக்காய்களைத் தேர்தல் கூட்டம் போல அடுக்கி வைத்திருப்பார்கள். குழந்தையை அதன் நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் வேலை முடிந்தது. இந்த வருடம் அவள் கணவன் க்ரெய்க்தான், "அங்க ஒரே நெரிசல். ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான், ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒண்ணு இருக்காம்" என்றான். சொல்லும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது யோசித்தால் வேறு சிலவும் ஞாபகம் வந்தன. ஒரு வாரமாக மழையே இல்லை, ஆனால் கிளம்பும்போது பையனுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டவன் க்ரெய்க். ஓடைக்கரையில் நிலம் சொதசொதவென்று இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வரும் வழியில் போனில் வழி பார்க்கவில்லை. கையால் எழுதிய சின்னப் பலகை ஒன்று மேப்பிள் மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அதற்கு நூறடி முன்னாலேயே அவன் திரும்புவதற்கு விளக்கைப் போட்டான். போன மாதம் வெஸ்லியின் காலுறையில் வைக்கோல் துணுக்குகள் இருந்தபோது, டே கேரில் அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள் என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னவனும் அவன்தான்.

"இந்த ஆட்டை அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எந்த ஆட்டை?" என்றான் க்ரெய்க். பிறகு, "டோனட் வாங்கலாமா? சூடா இருக்கும்" என்றான்.

ஆப்பிள் சாறும் டோனட்டும் விற்கிற கொட்டகையில் பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு வயதான பெண் இருந்தாள். வெஸ்லியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அட, யாரு இது! இன்னிக்கு புதன்கிழமை இல்லையே கண்ணு, எப்படி வந்தே?" என்றவள், நிமிர்ந்து மார்னியைப் பார்த்தாள். இடுப்புக் குழந்தையைப் பார்த்தாள். க்ரெய்க்கைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அதற்குப் பிறகு டோனட்டைப் பையில் போடுவதில் அவளுக்குத் திடீரென்று அவ்வளவு கவனம் வந்துவிட்டது.

புதன்கிழமைகளில் மார்னிக்குப் பல் மருத்துவமனையில் ஏழு மணி வரை வேலை. அன்றைக்கு மட்டும் வெஸ்லியை அழைத்து வருவது க்ரெய்க். ஐவியைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். எத்தனை புதன்கிழமைகள்? அவள் மனசு பின்னோக்கி ஓடியது. க்ரெய்க்கின் காதுமடல் சிவந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டிருப்பான் போலிருக்கிறது.

குழந்தைகளின் முகத்தில் வண்ணம் பூசுகிற மேசையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தன் கன்னத்திலேயே ஒரு நரியை வரைந்துகொண்டிருந்தாள். வெஸ்லியைப் பார்த்துக் கையசைத்தாள். அவனும் அசைத்தான். மார்னி அந்தச் சிரிப்பையும், அவள் க்ரெய்க்கின் பக்கம் திரும்பாததையும் ஒன்றாகப் பார்த்தாள். தெரியாதவள் என்றால் திரும்பியிருப்பாளே. தெரிந்தவள்தான் திரும்பமாட்டாள். இப்படி யோசிக்க ஆரம்பித்தால் இந்தத் தோட்டத்தில் குற்றமற்றவர் யாரும் இருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

க்ரெய்க் வயலுக்குக் கூட்டிப்போகிற டிராக்டர் வண்டி சவாரிக்குச் சீட்டு வாங்கப் போன சமயம் அவள் பட்டியருகே வெஸ்லியின் பக்கத்தில் குந்தினாள்.

"இங்க யாரு கூடடா வந்தே?"

"அப்பா கூட."

"அப்பாவும் நீயும் மட்டுமா?"

வெஸ்லி ஆட்டின் நெற்றியைச் சொறிந்தான். "சொல்லக் கூடாது. அது சர்ப்ரைஸ்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றான், இதுகூடத் தெரியாதா என்பது போல. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. "பட்டனுக்குப் பேரு வெச்சதே அவங்கதான். நான் கேட்டா இன்னொரு ஆட்டுக்கும் வெப்பாங்க."

'அவங்க'. வீட்டில் யாரைப் பற்றியும் அந்தக் குரலில் அவன் பேசியதில்லை. எழுந்தாள். சீட்டோடு வந்த க்ரெய்க்கின் கையைப் பிடித்து வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"பேரு சொல்லு. போதும். குழந்தைங்க முன்னாடி நான் சத்தம் போட மாட்டேன்."

"நீ நினைக்கிற மாதிரி இல்ல மார்னி."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?"

"உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்கு" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வண்டி வரட்டும். வந்ததும் சொல்றேன். சத்தியமா."

"வண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வண்டி வந்தது. பச்சை டிராக்டர், பின்னால் சுற்றிலும் வைக்கோல் கட்டு போட்ட நீளமான தட்டு வண்டி. ஏழெட்டுக் குடும்பங்கள் இறங்கின, மடியில் பறங்கிக்காய்களோடு, காம்பைப் பிடித்துத் தூக்காதே என்று குழந்தைகளை அதட்டிக்கொண்டு. ஓட்டுகிறவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அழுக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தொப்பிக்குக் கீழே இடது காதின் மேல்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, எலி கடித்த ரொட்டி மாதிரி.

அந்த வெட்டைப் போட்டது மார்னி. அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு ஆறு. மறுநாள் பள்ளியில் படம் எடுக்கிறார்கள், அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. சமையலறை நாற்காலியில் தம்பியை உட்கார வைத்து, துணி வெட்டுகிற கத்தரியால் அவள்தான் முடி வெட்டினாள். ரத்தத்தைப் பார்த்து அழுதது அவள். அவன் அழவில்லை.

"ஷேன்" என்றாள்.

வேறொரு பெண் என்று நினைத்திருந்த அரைமணி நேரம் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றியது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. ஒரு மணி நேரம் பார்த்துக்கொள் என்று வெஸ்லியை அவனிடம் விட்டுப் போனாள். போதை மாத்திரையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது என்று சொன்னான், நம்பினாள். திரும்பி வந்தபோது மாடிப்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குளியலறைத் தரையில் ஷேன் நினைவிழந்து கிடந்தான். குழாய் திறந்தபடி தொட்டி நிரம்பி வழிய, இரண்டு வயது வெஸ்லி சட்டையோடு தொட்டி விளிம்பில் கவிழ்ந்து, ஒவ்வொரு பொம்மையாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். கால் தரையில் படவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஷேனை எழுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன் போன் எண்ணைத் தடுத்து வைத்தாள். ஆனால் காலையில் காபி ஆறுவதற்குள் ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவாள். இது க்ரெய்க்குக்கும் தெரியாது.

"அவன்கிட்டயா என் பிள்ளைய கூட்டிட்டு வந்தே?" என்றாள் க்ரெய்க்கிடம். "புதன்கிழமை புதன்கிழமை?"

"தனியா ஒரு நிமிஷம்கூட விட்டதில்ல. பதினாலு மாசமா தொடல மார்னி. எனக்கு எழுதினான். நான் முதல்ல நம்பல. மூணு வாரம் தனியா வந்து, ரோட்டுல காருக்குள்ள உட்கார்ந்து இவனையே பாத்துட்டிருந்தேன். திருட்டுத்தனமா. அதுக்கப்புறம்தான்..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருக்க மாட்டே."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன். அது நான் முடிவு பண்ண வேண்டியது. நீ இல்ல."

க்ரெய்க் கையிலிருந்த சீட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் போட்டான்.

ஐவியை அவன் கையில் திணித்துவிட்டு மார்னி டிராக்டரை நோக்கி நடந்தாள். ஷேன் பார்த்துவிட்டான். இன்ஜினை நிறுத்தினான். இறங்கினான். இளைத்திருந்தான், ஆனால் முன்பு போல இல்லை, வெயிலில் வேலை செய்கிறவன் இளைப்பு. கண்ணாடியைக் கழற்றினான். பழைய நாட்களில் முதலில் அவன் கண்மணியைத்தான் பார்ப்பாள். மாத்திரை உள்ளே போயிருந்தால் அது ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். இப்போதும் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் நடுப்பகல் வெயில். இந்த வெயிலில் பாதிரியாரின் கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த களஞ்சியத்துக்குள் போனான். அவளும் போனாள். உள்ளே இருட்டு, தானிய வாசனை. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பியை எடுத்து, சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கைக்கு மேல் சுருட்டி, சின்ன வயதில் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவினாயா என்று அவள் கேட்டால் நீட்டுவானே அதேபோல நீட்டினான். கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டான்.

மார்னி பார்த்தாள். பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக இருந்தவை முள்கிழிசல்கள். கண்ணில், நீலத்தின் நடுவே இருந்த கறுப்புப் புள்ளி மெல்ல மெல்ல விரிந்தது. அது விரிந்து முடிகிறவரை அவள் மூச்சுவிடவில்லை.

"போதுமா?" என்றான்.

"போதாது. போன தடவையும் நல்லாத்தான் இருந்தே."

"தெரியும்."

"அஞ்சு மாசம்னு சொன்னே. அதுவும் பொய். மூணு வாரம்தான்."

"ரெண்டு" என்றான் ஷேன். "ரெண்டு வாரம். நீ என்னை நம்ப வேணாம்க்கா. நான் கேக்கவும் இல்ல. பாத்துட்டுப் போ, அது போதும்."

வெளியே வெஸ்லி கத்தினான். "அம்மா! இடம் பிடிச்சிட்டேன்! மாமாவுக்குப் பின்னாடியே!"

தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விடலாம். அவன் அழுவான், இரண்டு நாளில் மறப்பான். அவள் அதைத்தான் செய்யப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். ஆனால் வண்டியில் ஏறி, ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால் இருந்த வைக்கோல் கட்டில் உட்கார்ந்தாள். ஐவியை வாங்கி மடியில் இருத்திக்கொண்டாள். மறுகையால் வெஸ்லியின் ஜாக்கெட்டைப் பின்னால் இறுகப் பிடித்தாள். க்ரெய்க் எதிரே உட்கார்ந்தான். அவனை அவள் பார்க்கவில்லை. அவனோடு பேச வேண்டியது நிறைய இருந்தது, எதுவும் இன்றைக்குள் முடிகிற பேச்சு அல்ல.

வயல் ஓடைக்கரை வரை இறங்கிக் கிடந்தது. கொடிகள் பனியில் கருகிவிட்டன. அவற்றுக்கு நடுவே பறங்கிக்காய்கள் மட்டும் யாரோ போட்டுவிட்டுப் போனது போல உட்கார்ந்திருந்தன. வெஸ்லி ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, ஒரு பக்கம் சப்பையாகி, மண் ஒட்டிய ஒரு காயின் மேல் ஏறி உட்கார்ந்தான். வேறு நல்லதாகப் பார் என்றாள். "இதுக்கு யாருமே இல்ல, நான்தான்" என்றான். அந்த நேரம் பார்த்து அவசரமாகச் சிறுநீர் வருகிறது என்று க்ரெய்க்கைச் சோளக்கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினான். மற்றவர்கள் வண்டியில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

மார்னி குனிந்தாள். ஒரு கையில் ஐவி. மறுகையால் முதலில் அந்தக் காயைப் புரட்டத்தான் முடிந்தது. எப்படியோ இடுப்புயரம் தூக்கியவள் தடுமாறினாள். ஐவி சிணுங்கினாள்.

ஷேன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. ஐவியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை என்பதை மார்னி அப்போது கவனித்தாள். டிராக்டரிலிருந்து இறங்கிய நேரம் முதல், இது யார், பெயரென்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பார்த்தால் பறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவன் போல, அவன் பார்வை காயின் மேலேயே இருந்தது.

"இவ ஐவி" என்றாள், ஏன் சொன்னோம் என்று தெரியாமல்.

அவன் தலையசைத்தான். அப்போதும் பார்க்கவில்லை.

அவள் பறங்கிக்காயைத் தந்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டி நிறைந்துவிட்டது. கால் வைக்க இடமில்லாமல் எங்கும் காய்கள். வெஸ்லியின் காயை ஷேன் தன் மடியில் வைத்துக்கொண்டு டிராக்டரைக் கிளப்பினான். ஒரு கை அதை அணைத்திருந்தது. ஒரு கைதான் ஸ்டியரிங்கில். முன்னால் ஓடைப்பாலத்துக்கு இறங்குகிற சரிவு, பாதையெல்லாம் சேறு, பக்கவாட்டில் கைப்பிடிச்சுவர்கூட இல்லை. ரெண்டு கையாலயும் பிடி என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் சரிவின் தலையிலேயே டிராக்டர் நின்றது. ஷேன் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து, பறங்கிக்காயை உள்ளே இழுத்து வைத்து, கழுத்துவரை ஜிப்பை ஏற்றினான். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தான். "மாமா வயித்துல பாப்பா!" என்று வெஸ்லி குதித்துக் குதித்துச் சிரித்தான். வண்டி முழுக்கச் சிரித்தது. டிராக்டர் ஆளின் நடைக்கும் குறைவான வேகத்தில் கீழே இறங்கத் தொடங்கியது. மார்னி சிரிக்கவில்லை. அவளுடைய வலது கால் வைக்கோலை விலக்கி வண்டியின் பலகைத் தரையை, பிரேக் எதுவும் இல்லாத இடத்தில், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி மேடேறிய பிறகும் அழுத்திக்கொண்டிருந்தது.