பெயரைச் சொல்லலாமா?

1

இந்தக் கதை ஊரப்பாக்கத்தில், ஒரு லிஃப்டுக்குள் பிறந்தது. எங்கள் அபார்ட்மெண்டின் நான்காம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் ஜோவிதா ஒரு வக்கீல். ஆனால் கோர்ட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. "அப்போ என்னதாம்மா வேலை?" என்று கேட்டே விட்டேன்.

"ஜெனிவாவுல ஐ.நா. நிபுணர் குழு இருக்கு சார். ஒரு அரசாங்கம் ஒருத்தரைப் பிடிச்சுட்டுப் போய், பிடிக்கவே இல்லைன்னு சாதிச்சா, அந்த அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்பாங்க. அவங்களுக்கு கேஸ் தயார் பண்ணி அனுப்புறது நான்."

என் மாடி வந்தது. நான் இறங்கவில்லை. வாராவாரம் பத்திரிகைக்குக் கொலை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2

முதல் தொடக்கம்: 'ஜெனிவா. பனி. கறுப்புக் காரிலிருந்து இறங்கிய ஜோவிதாவின் முதுகில் ஏதோ சில்லென்று பட்டது. துப்பாக்கி—'

படித்துவிட்டுச் சிரித்தாள். "நான் ஜெனிவாவுக்கே போனதில்ல சார். எல்லாம் மெயில்தான். துப்பாக்கிக்கு பதிலா கரெண்ட் கட் வைங்க, எனக்கு நிஜமாவே உயிர் போகும்."

அடித்துவிட்டேன்.

இரண்டாவது, குல்ஷன் என்று ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டு: 'அந்த இருட்டறையில் குல்ஷனின் கணவன் கண் விழித்தபோது—'

எந்த அறை? அது தெரிந்தால் கேஸே இல்லையே.

3

ஆகவே, நடந்தபடி. (நான் கற்பனை செய்தபடி என்று படிக்கவும். ஜோவிதா வேலையின் முறையைச் சொன்னாளே தவிர, ஒரு ஆளைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.)

காலை பதினொரு மணி. மேற்குத் தாம்பரத்திலிருந்து குல்ஷன் தன் அண்ணன் அப்துல் கஃபாருடன் ஜோவிதாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவன் வெளிநாட்டில்* கிரேன் ஓட்டப் போனவன். தொழிலாளர் முகாமில் குடிதண்ணீர் நாறுகிறது என்று எல்லோருக்குமாகப் பேசினான். போலீஸ் வந்து கூட்டிப்போனது. இப்போது கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

[*எந்த நாடு என்று மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் எடுத்தே விட்டேன்.]

"ரெண்டே கேள்விதான்," என்றாள் ஜோவிதா. "அவர் பேரை அந்த அரசாங்கத்துக்கு அனுப்பலாமா? பின்னால குழுவோட அறிக்கை வெளியாகும், அதுல ஊருக்கே தெரியுற மாதிரி போடலாமா? நீங்க சரின்னாதான் போகும்."

"பேர் போனா புகார் பண்ணது நாமன்னு தெரிஞ்சிடும்," என்றான் கஃபார். "உள்ள வச்சு வெளுத்துடுவானுங்க."

"பேரே சொல்லாம தேடச் சொன்னா, யாரைண்ணா தேடுவாங்க?"

"பொறும்மா. தானா விட்டுடுவாங்க."

"பக்ரீத்துக்குள்ள வந்துடுவார்னு நீதான் சொன்ன. எந்த பக்ரீத்னு சொல்லல." குல்ஷன் ஜோவிதாவிடம் திரும்பினாள். "நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

ஜோவிதா எழுந்தாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினாள்.

(இந்த இடத்தில் நிஜ ஜோவிதாவோடு மல்லுக்கு நின்றேன். உச்சகட்டத்தில் கதாநாயகி வெளியே போய்க் காயப்போட்ட துணி எடுப்பதா? "நான் சொல்லிட்டா அது என்னோட சம்மதம் சார். அடி விழறது அவருக்கு," என்றாள்.)

4

முடிவு அ: பெயர் போகிறது. கதவு திறக்கிறது. மீனம்பாக்கத்தில் அவன் இறங்கியதும் குல்ஷன் ஓடிவந்து— பத்திரிகை இதைத்தான் கேட்கும்.

முடிவு ஆ: பெயர் போகிறது. அதனாலேயே அவனை

எழுதக் கை வரவில்லை.

முடிவு இ: பெயர் போகவில்லை. யாரும் தேடவில்லை. யாரும் வரவில்லை.

குல்ஷன் வாய் திறக்காமல் மூன்றும் நகராது. நானும் காத்திருந்தேன். அவளே வந்து பால்கனிக் கதவைத் தட்டினாள்.

"அரசாங்கத்துக்கு அனுப்புங்கக்கா. பேர் சொல்லிக் கேட்டா, பதில் சொல்லித்தானே ஆகணும்? ஊருக்கு வேணாம். அவர் வெளியே வந்து, இஷ்டம் இருந்தா அவரே சொல்லிக்கட்டும்."

கஃபார் பையிலிருந்து பாஸ்போர்ட் நகலை எடுத்து நீட்டினான். பிறகு, "பாஸ்போர்ட்ல இனிஷியல் பின்னாடி இருக்கும் மேடம். அப்படியே போடுங்க," என்றான்.

மெயில் போய்விட்டது.

5

அவன் பெயர் எனக்குத் தெரியும். வைத்ததே நான்தான். ஆனால் ஊருக்கு வேண்டாம் என்றுவிட்டாள் குல்ஷன். ஊர் என்றால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களும்தானே?

பதில் வந்ததா என்பது எனக்கும் தெரியாது. மேலே மூன்று முடிவுகள் கிடக்கின்றன. பிடிக்காவிட்டால் நான்காவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும்.

அவனுக்கு ஒரு பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.