ஹெப்ஸி ஓடையில் இறங்காத குண்டு

1958-ஆம் வருடம் அணில் வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் காலையில் டெல்மர் காம்ப்ஸ் சுட்ட குண்டு கீழே இறங்கவில்லை. அந்த மாதமும் இறங்கவில்லை, அந்த வருடமும் இறங்கவில்லை. அதே வாரத்தில்தான் ஹெப்ஸி ஓடைத் தபால் நிலையத்துக்குப் புதுத் தகரக் கூரை போட்டார்கள், முட்டை விலையும் கொஞ்சம் ஏறியது. அதனால் குண்டைப் பற்றி முதலில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அணில் தப்பிவிட்டது என்பதைத்தான் பேசினார்கள். டெல்மரிடமிருந்து அணில் தப்புவது எங்கள் பள்ளத்தாக்கில் கேள்விப்படாத சமாச்சாரம்.

கெண்டக்கி மலைகளில் துப்பாக்கி இல்லாத வீட்டையும் தேடித்தான் பிடிக்க வேண்டும், துப்பாக்கியால் ஒரு ஆளைப் பறிகொடுக்காத குடும்பத்தையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். டெல்மரின் சித்தப்பா தோட்டா போட்ட துப்பாக்கியோடு வேலி தாண்டும்போது செத்தவர். அதிலிருந்து டெல்மர் வேலியைக் கண்டால் நின்றுவிடுவான். தோட்டாவை உருவிச் சட்டைப் பையில் போட்டு, துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் அந்தப் பக்கம் படுக்க வைத்து, இன்னொரு இடத்தில் போய்த் தாண்டுவான். காட்டில் தலையில் சிவப்புத் தொப்பி. இலை அசைந்தது, சத்தம் கேட்டது என்று ஒருநாளும் சுட்டதில்லை. வாலும் காதும் தெரிந்தால்தான் துப்பாக்கி தோளுக்கு ஏறும். முயல் என்றால், அதன் காய்ச்சல் மனிதனுக்குத் தொற்றும், நன்றாக உறைபனி விழட்டும் என்பான். அப்படியும் ஈரலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் முழு முயலையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, அணிலுக்குப் பின்னால் அடிமரமோ மலைச்சரிவோ இல்லாமல் விசையைத் தொடமாட்டான். அணிலுக்குச் சுடும் சின்னக் குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதைப் படித்தவர்கள் எங்களில் நிறையப் பேர், நம்பியவன் அவன் ஒருவன். ஊர் அவனைக் கேலி செய்தது. கேலி செய்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அவனோடுதான் வேட்டைக்கு அனுப்பினார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். அன்று காலையில் ஹிக்கரி மரத்தின் உச்சிக் கிளையில் ஒரு சாம்பல் அணில் உட்கார்ந்து கொட்டை கொறித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெறும் வானம். டெல்மர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி, அது கீழே இறங்கட்டும் என்று நின்றான். கூட வந்த தம்பி வெர்லுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"என்ன அண்ணே, அது பேரன் பேத்தி எடுக்கட்டும்னு காத்திருக்கியா?"

"பின்னால வானம்டா. மண்ணு இல்ல."

"வானத்துக்கு வலிக்காது. சுடு. உன் பொண்டாட்டி அடுப்புல சட்டியக் காயவெச்சுட்டு உக்காந்திருக்கா."

டெல்மர் சுட்டான். தான் சொன்னதை வெர்ல் அன்று மதியமே கடையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான். "வானத்துக்கு வலிக்காது" என்பது கொஞ்ச காலம் எங்கள் ஊர்ப் பழமொழியாகவே இருந்தது.

குண்டை முதலில் கண்டவன் தபால் நிலையக் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன். மரங்களுக்கெல்லாம் மேலே, கருவண்டு போகிற வேகத்தில், கருவண்டு போலவே ரீங்காரமிட்டுக்கொண்டு ஒரு ஈயத் துண்டு போயிற்று. ஓடை வளையும் இடத்தில் அதுவும் வளைந்தது, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் திரும்பியது, மலைமேல் மோதாமல் எதிர்ப்பக்கமாக இறங்கி வந்தது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சுற்று முடியும். பீன்ஸை அடுப்பில் ஏற்றவும் இறக்கவும் பெண்கள் அதை வைத்து நேரம் பார்க்கத் தொடங்கினார்கள். நகரத்திலிருந்து வேட்டை அதிகாரி ஒருவர் வந்து, தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சட்டம் ஒன்றுதான் என்றார்: குழலை விட்டுக் கிளம்பிய குண்டு மண்ணில் தங்கும்வரை சுட்டவனுக்குச் சொந்தம். அவருக்கு டெல்மரின் மனைவி ஓப்பல் காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டுப் போய்விட்டார். டெல்மர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினான். அதை அவன் மறுபடி இறக்கவே இல்லை.

குண்டு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாணளவு, ஒரு முழமளவு என்று தாழ்ந்துகொண்டு வந்தது. வேகம் குறைந்ததே தவிர வலு குறையவில்லை. களஞ்சியத்தின் உச்சிப் பலகையில் புகுந்து மறுபலகையில் வெளியே வந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, ஒருவன் ஏணியில் ஏறி இரும்பு வாணலியைக் குறுக்கே நீட்டினான். வெண்ணெயில் விரல் போவதுபோல் அதிலும் போயிற்று. போதகர் கிரேடி மேட்டு நிலத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவருடைய தொப்பியில் இரண்டு ஓட்டை விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அதே மேட்டில் அவருடைய கோவேறு கழுதை ஒருநாள் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது, பிடித்தபடியே மடங்கி விழுந்தது. டெல்மர் தன் கழுதையை ஓட்டிக்கொண்டுபோய் அவர் கொட்டிலில் கட்டிவிட்டுத் திரும்பினான். மறுநாளிலிருந்து சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு குண்டுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான். "வருது, வருது! குனிஞ்சுக்கோ!" என்று கத்திக்கொண்டே போவான். மழையிலும் போனான், பனியிலும் போனான். நாங்கள் குனிந்தோம். பழகிப்போய்விட்டால் எதற்கும் குனியலாம்.

அந்த வருடங்களில் பாதி ஊர் வேலை தேடி வடக்கே டேட்டன் நகரத்துக்குப் போயிற்று. ஓப்பலின் அக்கா அங்கே தொழிற்சாலையில் இருவருக்கும் இடம் சொல்லி வைத்திருந்தாள். ஓப்பல் பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். "நான் உனக்கு வாழ்க்கைப்பட்டேனாய்யா, உன் குண்டுக்கு வாழ்க்கைப்பட்டேனா?" என்று கேட்டாள்.  பதில் தெரியாமல் நின்றதற்காகப் பிற்பாடு டெல்மர் வருந்திய அளவுக்குச் சுட்டதற்காகக்கூட வருந்தியிருக்க மாட்டான் என்பது என் எண்ணம். அவள் பேருந்தேறிப் போனாள். வருடா வருடம் மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறன்று மட்டும் வருவாள், அம்மாவின் கல்லுக்குப் பூ வைத்து, டெல்மருக்குச் சோள ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவாள்.

வெர்ல் போகவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து முதுகு ஒடிந்தபின் அவனால் எங்கும் போக முடியாது. பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில், ஓடையை ஒட்டி, அப்பா கட்டின வீட்டின் வராந்தாவில் ஒரு நாற்காலி. காலையில் போதகரின் மனைவி வந்து அவனை அதில் உட்காரவைத்தால் இருட்டும்வரை அங்கேதான். குண்டு அந்த வராந்தாவின் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு கூரையில் ஓட்டை விழுந்தது. பிறகு தூணின் தலையில் விழுந்தது. டெல்மர் தூணில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தான். மலைச்சரிவு இருபக்கமும் நெருக்குகிற அந்த இடத்தில் குண்டுக்கு வேறு வழியே இல்லை. சில வருடங்களில் அது வந்து சேரப்போகிற இடம் வெர்லின் நெஞ்சு.

"வாடா, என் வீட்டுக்கு வந்துடு. அது குண்டு போற வழியில இல்ல."

"மாட்டேன்."

"அப்ப நாற்காலியையாவது பின்பக்கம் போடு."

"பின்பக்கம் என்ன இருக்கு, கோழிக்கூண்டா? எனக்கு ரோட்டைப் பாக்கணும். உன் குண்டுக்கு நான் ஏன் நகரணும்?"

சபைக்காரர்கள் நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று போனார்கள். மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திரும்பி வந்துவிட்டார்கள். அதில் தோட்டா இல்லை. வேறு எந்த விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேட்காவிட்டாலும், வீட்டுக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி கூடாது என்பதில் கேட்டிருக்கிறான். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

அன்று சுட்டபோது பின்னால் என்ன இல்லாமல் போயிற்றோ, அதையே இப்போது முன்னால் வைப்பது என்று டெல்மர் முடிவு செய்தான். தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து வராந்தாவுக்கு எதிரே கொட்டத் தொடங்கினான். சுரங்கக்காரர்கள் லாரி லாரியாகக் கழிவுமண் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டான். அதில் கல் கலந்திருக்கும், கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அடிவாரத்துக் கறுப்பு மண்ணை வெட்டி, கோழித் தீவனச் சல்லடையில் சலித்து, கொட்டைப் பருமன் கல்லைக்கூடப் பொறுக்கிப் போட்டபிறகே கொட்டுவான். காலையில் குண்டுக்கு முன்னால் நடை, மதியத்துக்கு மேல் மண். மழை பாதியை அடித்துக்கொண்டு போகும், மறுபடி கொட்டுவான். மலையைக் கண்டு விலகுகிற குண்டு உன் மேட்டைக் கண்டு விலகாதா என்று போதகர் கேட்டார். "விலகினா விலகட்டும் போதகரே. அவன்கிட்ட போகாம இருந்தா சரி" என்றான்.

வெர்ல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன அண்ணே, பொணம் விழறதுக்கு முன்னாடியே மேடு கட்டறே?" என்று முதலில் கேலி பேசினான். மேடு உயர்ந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கு முதலில் வெர்லின் முழங்கால் மறைந்தது, பிறகு நெஞ்சு, பிறகு தொப்பி. ரோடும் அவனுக்கு மறைந்துபோயிற்று. பிறகு கேலியும் நின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக இருந்தார்கள். ஒருவன் மண் சலிக்கும் சத்தத்தை இன்னொருவன் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு மட்டும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1977-இல், காட்டு நாய்மரம் வெள்ளையாகப் பூக்கும் வசந்தத்தில், உட்கார்ந்திருக்கும் மனிதனின் நெஞ்சு உயரத்துக்குக் குண்டு வந்தது. ஊர் முழுக்கச் சரிவில் ஏறி நின்றது. டெல்மர் வழக்கம்போல முன்னால் கத்திக்கொண்டு வந்தான். தலையில் அதே தொப்பி, சாயம் போய் வெளிறியிருந்தது. மேட்டை நெருங்கியதும் ஒதுங்கிக்கொண்டான். குண்டு வந்தது. மேட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றதாகச் சிலர் சொல்கிறார்கள், நான் நின்ற இடத்திலிருந்து அப்படித் தெரியவில்லை. மண்ணுக்குள் போயிற்று. வெளியே வரவில்லை. யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை தும்மியது.

டெல்மர் மேட்டைச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். வெர்ல் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி, முடியைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவுக்குப் போகிறவனைப்போல இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஏன் அண்ணே நிறுத்தின? அது எனக்கு வந்தது."

"சுட்டது நான்டா."

"சுட வெச்சது யாரு? நீ வேண்டாம்னுதானே நின்னே. என் வாய் சும்மா இருந்துச்சா? போதகரோட கழுதை செத்தன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எவன் மேலயாவது படணும்னா அது நானா இருக்கட்டும்னு. அதான் நகரல."

டெல்மர் படியில் உட்கார்ந்துவிட்டான். "அட மடையா" என்றான். "இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை நான் முதுகுல தூக்கிட்டு டேட்டனுக்கே போயிருப்பேனே. ஓப்பலும் கூட வந்திருப்பாளே."

"நீ கேக்கவே இல்லையே அண்ணே."

"ஆமா. கேக்கல."

வெர்லுக்கு ரோடு தெரியட்டும் என்று அந்த வாரமே டெல்மர் மேட்டை ஓரத்திலிருந்து வெட்டப்போனான். முதல் வெட்டிலேயே மண்வெட்டியின் பிடி கையில் அதிர்ந்தது. காதை வைத்துக் கேட்டான். குண்டு உள்ளே இன்னும் போய்க்கொண்டிருந்தது, மண்புழு போகிற வேகத்தில், சுற்றிச் சுற்றி. வேட்டை அதிகாரி மறுபடி வந்தார், இது வேறு ஆள், இளைஞர். அவரும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மண்ணில் இருக்கிறது, ஆனால் தங்கவில்லை, ஆகவே மேட்டைக் கலைக்க வேண்டாம் என்றார். மே மாத ஞாயிறன்று ஓப்பல் வந்தாள். மேட்டில் உள்ளங்கையைப் பதித்து நெடுநேரம் நின்றாள். "இவ்வளவுதானா" என்றாள். டெல்மர் அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மேட்டை எடுக்க முடியாததால் நாற்காலியை எடுத்தார்கள். தினமும் காலையில் டெல்மர் தம்பியைச் சுமந்துகொண்டு மேட்டைச் சுற்றி ரோட்டுப் பக்கம் வருவான். இருவரும் மண்ணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பார்கள். பேச்சு அதிகமில்லை, பேசியிருக்க வேண்டிய வருடங்கள் கடந்துபோயிருந்தன. உள்ளே சுற்றும் குண்டின் அதிர்வு ஒடிந்த முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று வெர்ல் சொன்னான். அவன் போனபின்னும், டெல்மர் போனபின்னும், சுரங்கத்தில் முதுகு போனவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்து அங்கே சாய்ந்து உட்காருகிறார்கள். மழை நாட்களில் கொஞ்சம் பலமாகவே தெரியும் என்கிறார்கள்.