மணிமொழியின் கால் காயம்

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். லீவுக்குக் கல்வராயன் மலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போயிருந்த மகேஸ்வரி விடிந்ததும் அடிவாரத்துக்கு இறங்கி வந்தால், பஸ்ஸே இல்லை. இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி மலைக்கு மட்டும் வந்து சேரவில்லை. மலைக்கு எதுதான் நேரத்தோடு வந்து சேர்ந்தது?

கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். தொழிற்கல்வியில் நர்சிங் பிரிவு. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போடும் செய்முறை ரெக்கார்டு நோட்டில் சிஸ்டர் ராணியம்மாளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். தவறினால் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். செய்முறைக்கென்று கட்டிய வெள்ளைப் புடவையோடு நடையைக் கட்டினாள்.

ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மூன்றாவது மரத்தடியில் ஒரே கூட்டம். செல்லமுத்து என்பவர் ஓங்கிய கோடாலி நழுவி அவர் இடது பாதத்திலேயே இறங்கிவிட்டது.

"நர்சம்மா வராங்க, வழி வுடுங்கப்பா."

"நான் நர்சு இல்லீங்க. படிக்கிற பொண்ணு."

"இன்னாத்துக்குப் படிக்கிற? நர்சுக்குத்தான? வந்து பாரு."

அவளுக்கே விளங்காத சங்கதி அது. முடித்தால் நர்ஸா, மறுபடி வேறெங்காவது படிக்கணுமா என்று கேட்டால் ஒரு டீச்சர் ஆமாம் என்பார், இன்னொருவர் பார்க்கலாம் என்பார். இதுவரை அவள் கட்டுப்போட்டதெல்லாம் தோழி மணிமொழியின் காலில்தான். அந்தக் காலில் ரத்தம் வராது, மணிமொழிக்குச் சிரிப்புதான் வரும். சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் நோயாளியைத் தொட்டால் பிரிவிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். தொடலாமா, கூடாதா? யோசிப்பதற்குள் கை துண்டை மடித்துக் காயத்தில் அமுக்கிவிட்டது.

"கால் நெஞ்சுக்கு மேல இருக்கணும். கீழ தொங்கக் கூடாதுங்க."

"சைக்கிள்ல குந்த வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா தொங்கத்தான செய்யும்? அந்த மரத்தையெல்லாம் சைக்கிள் எப்டித் தாண்டும்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மலையில் இருந்தது. நோயாளியை அங்கே தூளி கட்டித்தான் கீழே இறக்குவார்கள். வெட்டிய மரத்திலேயே நீளமாக ஒரு கிளையைக் கழிக்கச் சொன்னாள். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தூளி கட்டி, அடிபட்ட காலை மட்டும் கிளையோடு உயர்த்திக் கட்டினாள். இது பாடத்திட்டத்தில் உண்டா என்று அவளுக்குத் தெரியாது.

நாலு பேர் தூக்கினார்கள். மரம் குறுக்கிடும்போதெல்லாம் இறக்கி, ஏறி, மறுபடி தூக்க வேண்டியிருந்தது. ஆறாவது மரத்தில் செல்லமுத்து முனகினார்.

"இது நேத்து நானே சாச்சது."

கொஞ்ச தூரம் போனபின் அவர் கேட்டார்.

"நீ மலைக்காரப் பொண்ணா? உங்களுக்குத்தான் எடம் ஒதுக்கிக் குடுத்துக்கிறாங்களே."

"அப்டித்தான் சொல்றாங்க. எங்க இருக்குதுன்னுதான் தெரியலைங்க."

அடுத்த மரம் வந்தது; தூளியை இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல் போட்டார். ராணியம்மாள் மகேஸ்வரியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"யார் கட்டினது இது?"

"நான்தான் சிஸ்டர்."

"கால் போயிருந்தா நீயா பதில் சொல்லுவ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒழுங்காத்தான் கட்டிக்கிற. ஆனா இத ரெக்கார்டுல எழுதினா உன் பேரை எடுத்துடுவாங்க. வழக்கம்போல மணிமொழி பேரையே எழுது. கையெழுத்து போடறேன்."

நல்லது செய்தோமா தப்பு செய்தோமா என்று கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. அழுகைதான் வந்தது. நோட்டைப் பிரித்து எழுதினாள். பெயர்: மணிமொழி. இடம்: இடது பாதம். அடுத்த கட்டம், நோயாளியின் நிலை. எப்போதும் யோசிக்காமல் 'நலம்' என்று எழுதுகிற இடம். இன்று பேனா ஓடவில்லை.

எழுந்து வார்டுக்குப் போனாள். செல்லமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க, கட்டுக்கு வெளியே நீண்டிருந்த பெருவிரலின் நகத்தை அமுக்கி, விட்டாள். வெளுத்துப்போய், மெல்லச் சிவந்தது. இன்னொரு தரம் அமுக்கினாள். மறுபடியும் சிவந்தது.

திரும்பி வந்து மணிமொழியின் பெயருக்குக் கீழே எழுதினாள்: 'விரலுக்கு ரத்தம் ஓடுகிறது. நடப்பார்.'