அப்பா பேசுன தமிழ்

சென்னய்யாவுக்குக் கோவம் வந்தா தட்டு பறக்காது, கை ஓங்க மாட்டாரு. தமிழ்ல பேசுவாரு, அவ்வளவுதான். நெசவுக் குடும்பம், வீட்டுக்குள்ள கன்னடம். தமிழெல்லாம் நெசவு நூல் வாங்கக் கடைக்கு வர்றவுகளுக்கும் பஸ்ஸு கண்டக்டருக்கும்தான். பெத்த பிள்ளைகிட்டயே தமிழ்ல பேசிட்டாருன்னா, இனி நீ வெளியாளுன்னு அர்த்தம்.

மூத்தவன் ஜோதிலிங்கத்துக்கு அதுதான் நடந்துச்சு. அருப்புக்கோட்டையில அம்மாம் பெரிய கடை, வாசல்ல காரு, எல்லாத்தையும் விட்டுட்டுத் திருச்சுழியில சைக்கிள் கடை வைக்கப் போறேன்னு நின்னான். "நீங்க யாரு? என்ன வேணும்?"னு கடையாளுக முன்னாடி தமிழ்ல கேட்டுட்டாரு அப்பா. போனவன் போனவன்தான்.

அன்னையிலேர்ந்து தங்கச்சி கங்கம்மாளுக்குச் சோறு இறங்கல. பதினாறு வயசுப் பிள்ளை, அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம் எந்தப் பேச்சு வரப்போகுதோன்னு அவரு உதட்டையே பாத்துக்கிட்டு நின்னா. மார்க்கு குறைஞ்சா தமிழா? மாப்பிள்ளை வேண்டாம்னா தமிழா? அந்த அரண்மனையில இதைச் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே ஆளு அண்ணன். அவனும் இல்ல.

குலசாமி சௌடம்மன் திருவிழாவுக்கு அவன் வாரான்னு தகவல் வந்ததும், அம்மா லிங்கம்மாள் புருசன் கால்ல விழாத குறையா கெஞ்சுனா. மனுசன் கணக்கு நோட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தாரு. கங்கம்மாளுக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

மத்தியானம் வந்தான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறை. சாமி கும்பிட்டுட்டுக் கூடத்துல நின்னான். கங்கம்மாள் செம்புத் தண்ணியோட பக்கத்துல நின்னா. சௌடம்மா தாயே, தமிழ் மட்டும் வேண்டாம்னு வேண்டிக்கிட்டா.

அப்பா தொண்டையைச் செருமுனாரு.

"பா, உண்ணு."

கன்னடம்! வா, சாப்பிடுங்குறாரு. அம்மா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. கங்கம்மாள் இலையெடுக்க ஓடுனா.

"இருக்கட்டுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்." ஜோதிலிங்கம் தமிழ்ல சொன்னான்.

கங்கம்மாள் இலையோட அப்படியே நின்னுட்டா. இப்படியும் நடக்கும்னு அவ பயந்ததே இல்ல. அப்பா முகம் வெளுத்துப்போச்சு. யார்கிட்டயும் தணிஞ்சு பேசி அறியாத அந்த மனுசன், "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி"ன்னாரு. அதுவும் தமிழ்ல.

அண்ணன் உக்காந்தான். விருந்தாளி கணக்கா, வச்சதை மட்டும் சாப்பிட்டான். மறுசோறு கேக்கல. கையைக் கழுவிட்டுக் கிளம்பிட்டான்.

இனி எப்ப வருவேன்னு கேக்க வாசல் வரைக்கும் ஓடுனா கங்கம்மாள். வாயெடுத்தவ நின்னுட்டா. கன்னடத்துல கேட்டு, அவளுக்கும் தமிழ்ல பதில் வந்துட்டா என்ன செய்ய? அவன் தெரு திரும்புற வரைக்கும் கேக்காமலே நின்னா.