நான்கு பேட்டரி எடை

கார் ஒயரிங்கில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவளே சொல்லிக்கொள்வது. அவளை 'ஒயரிங் அக்கா' என்று கூப்பிடும் டிரைவர்களும் அதை ஒப்புக்கொண்டவர்கள்தான். அப்பேர்ப்பட்டவளை, சொந்தக் காரின் குட்டி விளக்கு ஒன்று ஒரு வாரமாக ஆட்டி வைத்தது.

பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க, சீட் துணிக்கு அடியில் ஒரு சென்சார் உண்டு. ஆள் இல்லையென்றால் விளக்கு எரியும். அந்தப் பக்கத்து ஏர்பேக் வேலை செய்யாது. ஆனால் தையல்காரரான அவள் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கு எரிந்தது. எரியும், அணையும், மறுபடி எரியும்.

"இது சரியாகுற வரைக்கும் நீங்க பின்னாடிதான்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மகள் வீட்டுக்கு ஐந்து மணி நேரப் பயணம். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அவளுக்கோ, அந்தச் சிரித்த முகத்தை ஓரக்கண்ணால் பார்க்காமல் ஓட்டினால் ஓட்டின மாதிரியே இருக்காது. அவ்வளவு பிரியம் அவர்மேல்.

சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். ஒயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சரி என்றது மீட்டர். சென்சாரையே புதிதாக மாற்றினாள்; விளக்கு அசரவில்லை. கடைசியில், அவர் எடைக்குச் சமமாக நான்கு பழைய பேட்டரிகளை சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டு, பெரிய ரோட்டில் ஒரு சுற்று வந்தாள். விளக்கு எரியவே இல்லை. பேட்டரிகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினாள். முதல் திருப்பத்திலேயே எரிந்தது.

"பேட்டரிக்கு இருக்குற மரியாதை எனக்கு இல்லையா?" என்றார் தையல்காரர்.

சென்சாரில் மீட்டரை மாட்டி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஓட்டினாள். சிக்னலில் நின்றால் எண் சாதுவாகக் கிடந்தது. லாரியை நெருங்கினால் எகிறியது. அடுத்த லாரி வந்தபோது அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தாள்.

மேலே கைப்பிடியில் தொங்கி, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, சீட்டுக்கு நாலு விரல் உயரத்தில் நின்றிருந்தார். முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

ஓரமாக நிறுத்தினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. அப்போ உன் ஸ்கூட்டர்ல சென்சார் கிடையாது, மாட்டிக்கல."

"அவ்வளவு பயமா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"வேகமா ஓட்டும்போதுதான் நீ பாடுற. மெதுவாப் போன்னு சொன்னா பாட்டு நின்னுடுமோன்னு..."

ஒயரை எல்லாம் சந்தேகப்பட்டேன், இந்த மனுஷனைச் சந்தேகப்படவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

மறுநாள் அவர் முன் சீட்டில்தான் வந்தார். அவள் நிதானமாக ஓட்டினாள். ஒரு மணி நேரமாக விளக்கு எரியவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"பாட்டு எங்க?" என்றார்.

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். மெதுவாகப் போகும்போதும் பாட வருகிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது பாட்டில் தன்னை மறந்து வேகம் கூட்டிவிட்டாள். விளக்கு எரிந்தது.

பாடிக்கொண்டே காலைத் தளர்த்தினாள். விளக்கு அணைந்தது. அவள் பாடிக்கொண்டே போனாள்.