நாலாவது தகடு

பக்கவாதம் வந்து அம்பயரின் பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து வாயில் தங்கிவிட்டது. "நோபால்."

அவருடைய வேலை என்னவோ பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பிரித்துப் பூட்டுவதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராகப் போய்விடுவார். அதனால் பணிமனையிலும் அம்பயர், தெருவிலும் அம்பயர். கோபம் வந்தால் மனைவியும், "இந்த வீட்டுக்கும் நீங்கதான் அம்பயரா?" என்று கேட்பாள்.

இப்போது தாகம் எடுத்தாலும் நோபால், முதுகு வலித்தாலும் நோபால். தலையணையைச் சரிசெய்தால் கண்ணை மூடித் திறந்து அதற்கும் ஒரு நோபால். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவரும் பாதி வாயால் சிரித்தார். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாம பேசுறது பெரும்பாலும் அவருக்குப் புரியும்மா. சொல்ல நினைக்கிறதும் உள்ளே இருக்கும். வெளியே வர்ற வழிதான் அடைச்சுப்போச்சு" என்றார் டாக்டர். வலது கை விழுந்துவிட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் வெறும் கோடாக இழுத்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண், தம்ளரும் கட்டிலும் வரைந்த ஓர் அட்டையை நீட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கான படங்கள். அவர் அதைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவருக்கு விளம்பரப் பலகைக் கடை இருந்தது. ஒரு காலத்தில் சுழற்பந்து போட்டவர். இன்னும் எல்லாருக்கும் ஸ்பின்னர்தான். உணவகச் சுவர்களில் மாட்டுவதற்காகப் பழைய பாணிக் கிரிக்கெட் ஓவியங்களைத் தகட்டில் அச்சடித்துக் கொடுப்பார். மங்கலான நிறம், துருப்பிடித்தது போன்ற ஓரம், முறுக்கு மீசை ஆட்டக்காரர்கள். ஒருநாள் கடைக்குப் போன மனைவி அவற்றை நின்று பார்த்தாள்.

"தம்பி, தண்ணி குடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கு அண்ணி. எதுக்கு?"

"அவர் அறையில மாட்டணும். கை காட்டினா எனக்குப் புரியும்ல."

ஸ்பின்னர் மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். இடைவேளையில் ஜாடியோடு நிற்கும் ஆட்டக்காரன், தண்ணீருக்கு. அடிபட்ட முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவன், வலிக்கு. அவுட்டாகிப் படியேறுபவன், கழிவறைக்கு. "இதைப் பார்த்தா உங்க வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துடும்" என்றார்.

மறுநாள் அவரே வந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் துளையிட்டுத் திருகாணி போட்டு மாட்டினார். மாட்டி முடித்தபோது நான்கு தகடுகள் இருந்தன. நாலாவதில் ஆளே இல்லை. மழை விட்ட மைதானம், மூடிக் கிடக்கும் ஆடுகளம், எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் காலியான ஒரு நாற்காலி.

அன்று சாயங்காலமே அம்பயர் இடது கையைத் தூக்கி ஜாடிக்காரனைக் காட்டினார். "நோபால்!" மனைவி சமையலறைக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. மீதியை அவர் குடித்து முடித்ததும் இருவரும் ஏதோ கோப்பையை ஜெயித்துவிட்டதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அதன் பிறகு அவர் நாலாவது தகட்டைக் காட்டினார்.

மழையா? ஜன்னலைத் திறந்தாள். இல்லை என்று தலையசைத்தார். நாற்காலியா? சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்து வந்து போட்டாள். இல்லை. வெளியே போகணுமா? ஸ்பின்னரும் அவளும் சேர்ந்து சக்கர நாற்காலியில் மைதானத்துக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் ஆட்டத்தை அமைதியாகப் பார்த்தார். வீடு திரும்பிக் கட்டிலில் படுத்ததும் கை மறுபடி அதே தகட்டுக்குப் போனது. பணிமனை ஆட்களை வரவழைத்தாள். அவர்கள் போன பிறகும் அதே கை, அதே நோபால்.

அவளுக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. கேட்க வாய் வரவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் காதருகே குனிந்தாள்.

"போய்ச் சேர்ந்துடணும்னு நினைக்கிறீங்களா?"

அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். தலையசைக்கவில்லை. "நோபால்" என்றார், மெல்ல.

ஆமா என்றாரா, சேச்சே என்றாரா, அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்பின்னரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதுல ஒண்ணுமே இல்ல அண்ணி. மூணு மாட்டினா சுவர் ஒரு பக்கமா இருக்கும்னு நானா சேர்த்து அடிச்சேன். அழகுக்குத்தான். சத்தியமா வேற அர்த்தம் இல்ல." கழற்றிவிடுகிறேன் என்று ஸ்டூல் போட்டு ஏறினார். முதல் திருகாணி கழன்றதும் கட்டிலிலிருந்து அப்படி ஒரு சத்தம். அம்பயருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக் கண்ணில் நீர் வழிந்தது. ஸ்பின்னர் அவசரமாகத் திருகாணியைத் திரும்பப் போட்டார்.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவர் முன்னால் அழாதவள், மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள்.

"எனக்குப் புரியலைங்க. எவ்வளவோ பார்த்துட்டேன். உங்களோட இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் புரியலை. நான் என்னதான் செய்யட்டும்?"

அவர் தகட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இடது கையை மெதுவாகத் தூக்கி, மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளைத் தொட்டார். வலது கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது.

"தோள் வலிக்குதா?" அவள் பதறி எழுந்தாள்.

"இல்ல அண்ணி." ஸ்டூலில் நின்றபடியே ஸ்பின்னர் சொன்னார். "அது அம்பயர் சைகை. ரெண்டு கையையும் குறுக்கே போட்டு ரெண்டு தோளையும் தொடணும். அவரால பாதிதான் முடியுது. கொடுத்த தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கிறேன்னு அர்த்தம்."

"வாபஸா? ஐயோ, வேணாங்க. காட்டுங்க. இன்னொரு தடவை காட்டுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் தகட்டைக் காட்டவே இல்லை. தண்ணீருக்கும் வலிக்கும் கழிவறைக்கும் மட்டும் கை எழும். அவள் தூசி தட்டும் சாக்கில் நாலாவது தகட்டின் முன்னால் நின்று, நாற்காலிமேல் விரலை வைத்து, "இதுவா? யாராவது வரணுமா?" என்பாள். கயிற்றின்மேல் விரலை வைத்து, "இதுவா?" என்பாள். அவர் இரக்கத்தோடு அவளைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.